மாலைச் சமையலும் கடைக் கொழுக்கட்டையும்

தொழிற்சாலையிலும் தறியிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்பு இரண்டாவது தறியாகக் காத்திருக்கிறது. முதல் தறியின் வேலைக்குக் கூலி உண்டு. நேரக் கணக்கும் உண்டு. இரண்டாவது தறிக்கு இரண்டும் இல்லை. இந்த இரண்டாவது தறியின் பாரத்தைச் சற்றே குறைக்கும் வழி ஒன்றைப் பற்றியும், அதில் நம் காய்கறி விவசாயிகளுக்கு உள்ள பங்கைப் பற்றியும் இம்மாதம் எழுத எண்ணினோம்.

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற ஊர். அங்கே மாலை வேளையில் கடைத்தெருவில் நின்று பார்த்தால் நாட்டின் பல பகுதி மொழிகளும் காதில் விழும். ஒடிசா, பீகார், அசாம், வங்காளம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்காக வந்தோர் அங்கு வாழ்கின்றனர். ஆட்கள் வரும்போது அவர்களுடைய உணவும் உடன் வருகிறது. அப்படி வந்தவற்றுள் ஒன்று மோமோ. ஆவியில் வேகவைக்கும் இப்பண்டம் திபெத்தியருக்கும் நேபாளியருக்கும் உரியது. வடகிழக்கு மாநிலங்களிலும் வங்காளத்திலும் பரவி, பின்னர்த் தெற்கேயும் இறங்கிவிட்டது. இன்று அது தள்ளுவண்டியில் சூடாகக் கிடைக்கிறது. உறைய வைக்கப்பெற்றுப் பொட்டலமாகப் பலசரக்குக் கடைகளின் குளிர்ப்பெட்டியிலும் கிடைக்கிறது.

ஒரு வீட்டில் நடந்த வழக்கு

தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். மாமியார் பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் பல்லாண்டு தார் சுற்றியும் பாவு ஓட்டியும் வாழ்ந்தவர். இப்போது மகனோடு வந்து தங்கியிருக்கிறார். மருமகள் ஒரு தொழிற்சாலையில் முறை வேலை பார்ப்பவர். அவர் ஒருநாள் மாலை மோமோப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து வேகவைத்து வைத்தாராம். மாமியார் அதனைத் தொடவில்லை. வெறும் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

"கடையில் வாங்கிய கொழுக்கட்டையைச் சூடுபண்ணி வைப்பது சமையலா? நீங்களே சொல்லுங்கள், ஐயா" என்று அந்த அம்மையார் நம்மிடமே வழக்கைக் கொண்டுவந்தார்.

நாம் விடை சொல்வதற்குள் மருமகள் மெல்லக் கேட்டார்: "அத்தை, நீங்கள் தார் சுற்றிய நூலை நீங்களா நூற்றீர்கள்?"

மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நூல் மில்லிலிருந்துதான் வந்தது. ஆனால் நூலை வெறுமனே மடித்து வைத்துத் துணி என்று விற்கவில்லையே, அம்மா" என்றார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மில் நூலை வாங்குவதால் நெசவாளருக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. அந்நூலைப் பாவாக்கி, ஊடை கொடுத்து, கரை வைத்து நெய்யும்போது துணி அவருடையதாகிறது. அவ்வாறே கடைக் கொழுக்கட்டை பாவு என்றால், அதற்கு ஊடையாக நம் ஊர்க் கோடைக் காய்கறிகளைக் கொடுத்தால் அதுவும் வீட்டுச் சாப்பாடுதான். பொட்டலத்தை மட்டும் வெட்டிக் கொட்டினால் அம்மையார் சொன்னது போல அது மடித்து வைத்த நூலே ஆகும்.

அயலான் அல்லன், உறவினன்

மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைக்கும் கலை நமக்குப் புதியதன்று. சங்க நூல்களுள் ஒன்றான மதுரைக்காஞ்சியிலேயே மோதகம் பேசப்படுகிறது. ஒடிசாவிலிருந்து வந்த அண்டை வீட்டாரைக் கேட்டால், தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வேகவைக்கும் 'மண்டா பிட்டா' என்னும் பண்டத்தைச் சொல்வார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்கும் அதற்கும் வேற்றுமை மிகக் குறைவு. போலந்து நாட்டில் 'பியெரோகி' என்பார்கள். ஜப்பானில் 'கியோசா' என்பார்கள். சீனர் இப்பண்டத்தை எண்ணெயில் ஒரு பக்கம் சிவக்க வைத்து, பின்பு நீர் தெளித்து மூடி வேகவைக்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குக் 'குவோ தியே' என்று பெயர். சட்டியில் ஒட்டியது என்பது பொருள். நாம் கீழே சொல்லப்போவது இம்முறையையே தழுவியது. இட்லிப் பானை வேண்டா. ஒரே வாணலி போதும். கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்றே.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பொட்டலத்தை எடுத்தவுடன் நான்கு செய்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், தயாரித்த நாளும், பயன்படுத்த வேண்டிய கடைசி நாளும். இவை இல்லாத பொட்டலம் எவ்வளவு மலிவானாலும் வேண்டா.

இரண்டாவது, உறைநிலை. இத்தகைய பண்டங்கள் சுழிக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் வைக்கப்பட வேண்டியவை. உள்ளே இருக்கும் கொழுக்கட்டைகள் தனித்தனியாகக் குலுங்க வேண்டும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, பனித்துகளும் திரண்டிருந்தால், இடையில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது என்று ஐயுறலாம். கோடையில் மின்சாரம் தடைப்படும் ஊர்களில் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மற்றச் சாமான்களையெல்லாம் வாங்கி முடித்தபின் கடைசியாக இதனை வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழியில் உருகிவிட்டால் அன்றே சமைத்துவிட வேண்டும்; மீண்டும் உறைய வைத்தலாகாது.

மூன்றாவது, உப்பு. பொட்டலத்தின் பின்புறம் 'சோடியம்' என்று மில்லிகிராமில் அச்சிட்டிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்புக்குச் சமம். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆதலின் காய்கறிக்குப் போடும் உப்பில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். கொழுக்கட்டையிலேயே போதிய உப்பு இருக்கும்.

நான்காவது, உள்ளே இருப்பது காயா, கோழிக்கறியா என்பது. கறி வைத்ததாயின் நடுப்பகுதி வரை நன்றாக வெந்ததா என்று பார்க்காமல் பரிமாறக் கூடாது.

இன்னும் ஒன்று. கடைகளில் இப்பண்டத்தோடு வெள்ளை நிறத்தில் மயோனைஸ் என்னும் குழம்பு ஒன்றைத் தருகிறார்கள். பச்சை முட்டையைக் கொண்டு செய்த மயோனைஸில் நோய்க் கிருமிகள் பெருக இடமுண்டு. தெலங்கானா அரசு 2024-லும், நம் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரலிலும் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது இக்காரணம் பற்றியே. நம் வீட்டுத் தக்காளிச் சட்டினி இருக்க அது நமக்கு எதற்கு?

வேண்டிய பொருள்கள்

நால்வருக்கு: உறைய வைத்த கொழுக்கட்டை 20, வெண்டைக்காய் கால் கிலோ, நடுத்தரப் பீர்க்கங்காய் ஒன்று, பழுத்த தக்காளி மூன்று, சாம்பார் வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு நாலு பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் ஒன்று, நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மிளகுத் தூள், கொத்துமல்லித் தழை, அரை எலுமிச்சம்பழம். உடன் கடித்துக்கொள்ள இரண்டு வெள்ளரிப் பிஞ்சு.

காய்கறிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ 200 கிராம் வரும். நாளொன்றுக்குக் காயும் கனியுமாக 400 கிராமுக்குக் குறையாமல் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு; அதில் பாதி இந்த ஒருவேளை உணவிலேயே கிடைத்துவிடுகிறது. பொட்டலத்தை மட்டும் உண்டால் பெரும்பாலும் மைதா மாவே வயிற்றுக்குப் போகும்.

செய்முறை

வெண்டைக்காயைக் காலையிலேயே கழுவித் துணியில் பரப்பி உலர வைத்துவிட வேண்டும். ஈரத்தோடு நறுக்கினால் கொழகொழப்பு மிகும். மாலையில் அதனை இரண்டு அங்குலத் துண்டுகளாகவும், வெங்காயத்தை இரண்டாகவும், தக்காளியை நான்காகவும் நறுக்கிக்கொள்க. பீர்க்கங்காயின் நரம்பை மட்டும் சீவி, விரற்கனத்தில் அரைவட்டமாக நறுக்குக. நரம்பை எறிய வேண்டா. மறுநாள் துவையலுக்கு ஆகும். இவ்வேலைக்கு எட்டு நிமிடம் போதும்.

அடி அகன்று தட்டையாக உள்ள வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, நன்றாகக் காய்ந்ததும் வெண்டைக்காயையும் வெங்காயத்தையும் போட்டு, தீயைக் குறைக்காமல் ஐந்து நிமிடம் வதக்குக. மூடலாகாது. ஆங்காங்கே கருஞ்சிவப்புப் படர்ந்ததும் நசுக்கிய இஞ்சி, பூண்டு, கீறிய மிளகாய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து ஒருமுறை புரட்டித் தட்டில் எடுத்து வைத்துவிடுக.

அதே வாணலியில் மீதி எண்ணெயை ஊற்றி, தீயை நடுத்தரமாக்கிக் கொழுக்கட்டைகளைத் தட்டையான பக்கம் கீழே இருக்குமாறு, ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்குக. இவற்றை முன்கூட்டி உருக வைக்க வேண்டுவதில்லை. உருகினால் மேல்மாவு நெகிழ்ந்து சட்டியில் பிய்ந்துவிடும். ஆனால் மேலே ஒட்டிய பனித்துகளைத் தட்டிவிட்டே போட வேண்டும். பனி சூடான எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும். முதன்முறை செய்தபோது நாம் இதனைக் கவனியாமல் முழங்கையில் இரண்டு கொப்புளம் வாங்கிக்கொண்டோம். நேயர்களுக்கு அது வேண்டா.

மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாகச் சிவந்திருக்கும். இடைவெளிகளில் பீர்க்கங்காயையும் தக்காளியையும் நிரப்பி, அரை டம்ளர் நீரைச் சட்டியின் ஓரமாக ஊற்றி உடனே மூடிவிடுக. பீர்க்கங்காயும் தக்காளியும் நீர்விடும் காய்கள். அவை விடும் நீரே ஆவியாகிக் கொழுக்கட்டையை வேகவைக்க உதவுகிறது. கொழுக்கட்டையின் சாரம் காயில் இறங்குகிறது. எட்டு நிமிடம் கழித்து ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பார்க்கலாம். நடுவில் ஆவி பறக்க வேண்டும். மாவின் வெண்மை மாறியிருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு கரண்டி நீர் விட்டு இன்னும் இரண்டு நிமிடம் மூடி வைக்கலாம்.

மூடியைத் திறந்து, மிஞ்சிய நீர் சுண்டியதும் எடுத்து வைத்த வெண்டைக்காயை மேலே பரப்பி, மிளகுத் தூள் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்துமல்லித் தழையிட்டு இறக்குக. கரண்டியால் கிளறினால் கொழுக்கட்டை உடையும். சட்டியைக் குலுக்கினால் போதும். பரிமாறத் தோசைத் திருப்பியே ஏற்றது. காய் நறுக்கத் தொடங்கியதிலிருந்து இலை போடும் வரை 25 நிமிடம் ஆயிற்று.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார் வருந்த வேண்டா. காலையில் பிடித்து ஆவியில் வேகவைத்த உப்புக் கொழுக்கட்டையை மாலையில் இவ்வாறே காய்கறியோடு சிவக்க வைக்கலாம். அது முன்பே வெந்ததாதலால் நீரும் மூடியும் வேண்டா; பீர்க்கங்காயையும் தக்காளியையும் முதலில் தனியே வேகவைத்துக்கொண்டால் போதும். கோடையில் காலைப் பண்டம் மாலைக்குள் கெட்டுவிடவும் கூடும். ஆறியதும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நன்று.

காய் எங்கிருந்து வருகிறது?

இதுவரை பேசியது வீட்டுக்காரியத்தைப் பற்றி. இனிச் சங்கத்துக்குரிய செய்தி.

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரிப் பக்கங்களில் தை, மாசியில் விதைத்த வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்குகிறது. தொடங்கியபின் அது நிற்பதில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் தவறினால் காய் முற்றி நார் ஓடிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாது. பாவு ஒருநாள் தறியில் காத்திருக்கும், வெண்டைக்காய் காத்திருக்காது. ஆதலின் விலை இருக்கிறதோ இல்லையோ, விவசாயி பறித்துத்தான் ஆக வேண்டும். பறித்ததை அனுப்பித்தான் ஆக வேண்டும்.

அனுப்பும் இடம் பெரும்பாலும் 1996-இல் திறக்கப்பெற்ற கோயம்பேடு சந்தையாகவே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் இரவில் ஏற்றப்பட்ட காய் சென்னைக்குப் போய், கைமாறி, மீண்டும் வடக்கே திரும்பிக் கும்மிடிப்பூண்டிக் கடையில் வாடி விற்கப்படுவதும் உண்டு. போகவர வண்டிக் கூலி, ஏற்று கூலி, இறக்கு கூலி, தரகு எல்லாம் அதன் மேல் ஏறுகின்றன. விளைவித்தவருக்குக் கிடைப்பது குறைவு; வாங்குபவர் கொடுப்பதோ மிகுதி. 2020 மே மாதத்தில் கொரோனாத் தொற்று காரணமாகக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, நம் மாவட்டத்துத் திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டதும், செப்டம்பரில் மீண்டும் பழைய இடத்தில் திறக்கப்பட்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாநகரமும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களும் ஒரே வாயிலை நம்பியிருப்பது எத்தகைய இடர் என்பதை அம்மாதங்கள் உணர்த்தின.

நாம் பார்த்த அந்த மருமகளுக்குப் பொட்டலம் எளிதாகக் கிடைத்தது ஏன்? வேலை முடிந்து வரும் வழியில், வரும் நேரத்தில், கடை திறந்திருந்தது, பொட்டலமும் காத்திருந்தது. வெண்டைக்காயோ காலையில் விற்றுத் தீர்ந்துவிடும், அல்லது மாலையில் வாடிக் கிடக்கும். "காய் நன்றாகக் கிடைத்தால் வாங்க மாட்டேனா, ஐயா?" என்று அவர் கேட்டார். அவருக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சங்கத்தார்தாம்.

சங்கம் செய்யத் தக்கது

இம்மாவட்டத்துக்குக் கூட்டுறவு புதிதன்று. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தவுடனே, சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில்தான். அதே 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. விளைவிப்பவருக்குக் கடன் தரும் சங்கமும், வாங்குபவருக்குப் பண்டம் தரும் சங்கமும் ஒரே ஆண்டில், ஒரு பகற்பயணத் தொலைவுக்குள் பிறந்தவை. அவ்விரண்டும் கைகோக்க வேண்டிய இடம் தொழிற்பேட்டையின் வாயில்.

2013-இல் நம் மாநிலக் கூட்டுறவுத் துறை பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகளைச் சென்னையில் தொடங்கியது. விவசாயியிடம் நேரே வாங்கி நுகர்வோருக்கு விற்பதே அவற்றின் நோக்கம். அவ்வழியில், காலைப் பறிப்பில் ஒரு பகுதியை மட்டும் நிழலில், ஈரச்சாக்கால் மூடி வைத்து, மாலையில் வேலைமுறை மாறும் நேரத்துக்கு விற்பனைக்குக் கொண்டுவர ஒரு சங்கத்தால் முடியும். பெரிய கட்டடம் வேண்டா. ஒரு வண்டியும் ஒரு தராசும் நேரந்தவறாமையும் போதும். ஒரு வேளைக்குத் தேவையான வெண்டை, பீர்க்கு, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றைக் கூறு கட்டி வைத்தால் களைத்து வருபவர் நின்று பொறுக்க வேண்டியதும் இல்லை. முதல் மாதத்தில் மிச்சப்படுவதும் வாடுவதும் உண்டு. எத்தனை கூறு விற்கிறது என்று நாள்தோறும் எழுதி வைத்து, அதற்கேற்பக் கட்டினால் நட்டம் குறையும்.

கொழுக்கட்டையையும் நாமே செய்ய முடியாதா என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனோடு அப்பளம் இடத் தொடங்கி, லிஜ்ஜத் என்னும் பெயரில் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார்கள். ஆனால் அப்பளம் வெயிலில் காய்ந்து நிற்கும் பண்டம். உறைய வைத்த கொழுக்கட்டைக்கு ஓயாத மின்சாரமும் குளிர்வண்டியும் வேண்டும். அந்த முதலீடு சிறு சங்கத்துக்கு ஏற்றதன்று. அன்றன்று பிடித்து அன்றன்று விற்கும் உப்புக் கொழுக்கட்டையை மாதர் குழு ஒன்று முயன்று பார்க்கலாம். உரிய பதிவைச் செய்துகொண்டு காய் வண்டியிலேயே அதனையும் வைக்கலாம். முதலில் காய், பிறகு கொழுக்கட்டை என்பதே நம் கருத்து.

அந்த வீட்டில் அன்று மாலை நாமே நின்று இந்த உணவைச் செய்தோம். வெண்டைக்காயை மாமியார்தாம் நறுக்கினார். இரண்டு காய்களை நுனி ஒடித்துப் பார்த்து, முற்றல் என்று ஒதுக்கினார். உண்டு முடித்தபின், "காய் நன்றாயிருக்கிறது. மாவுதான் கொஞ்சம் தடிப்பு" என்றார். மருமகள் சிரித்துக்கொண்டே, "அதை மில்காரரிடம்தான் சொல்ல வேண்டும், அத்தை" என்றார். அம்மையார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. ஆயினும் தட்டில் மிச்சம் வைக்கவுமில்லை.

வரும் பொதுக்கூட்டத்தில் மாலை வண்டியைப் பற்றி அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து பேசுவாராக.